விடுதலையான ஒருவரை மறுபடி கூண்டில் ஏற்ற முடியுமா?

கேள்வி: 1998இல் என் அண்ணா இங்கிலாந்தில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் நடந்த விசாரணையில், குற்றம் சாட்டப்பட்டவரை ஜூரி விடுவித்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் அந்த மனிதரின் முன்னாள் மனைவி என்னைத் தேடி வந்து, "அவர்தான் செய்தவர், என்னட்டையே சொன்னவர்" என்றார். தம்பி அதைப் போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறான், யூடியூப்பில் போடப்போகிறேன் என்று நிற்கிறான். அப்பாவோ, "புதுச் சட்டம் 2005இலதானே வந்தது, எங்கட வழக்கு அதுக்கு முந்தினது" என்று கையை விரிக்கிறார். நாங்களே வழக்குப் போடலாமா? எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, இங்கிலாந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றே செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவைத் தம்பி எங்கும் போடக்கூடாது. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பவும் கூடாது. பயந்துபோய் அழித்துவிடவும் கூடாது. போனில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். காரணம் கீழே வரும்.

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. ஒரு சட்டம் வருவதற்கு முன் நடந்ததை அந்தச் சட்டம் தொடாது என்பதுதான் பொதுவான விதி. ஆனால் இந்தச் சட்டத்தை அப்படி எழுதவில்லை. 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் 10ஆம் பகுதி என்று ஒன்று உண்டு. அது 2005 ஏப்ரல் 4ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. விடுதலைத் தீர்ப்பு இந்தச் சட்டத்துக்கு முன் வந்திருந்தாலும் பின் வந்திருந்தாலும் இது பொருந்தும் என்று அதன் 75ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பாராளுமன்றம் தெரிந்தே எழுதிய வரி அது; பழைய வழக்குகளை மனதில் வைத்துத்தான் சட்டமே வந்தது. 1998இலும் கொலை கொலைதான். அன்று குற்றமாக இல்லாத ஒன்றை இன்று யாரும் குற்றமாக்கவில்லை. ஒருமுறை விடுதலையானவரை மறுபடி விசாரிக்க முடியுமா என்ற நடைமுறைதான் மாறியிருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: உங்கள் அண்ணாவின் வழக்கு இந்தச் சட்டத்துக்குள் வரும். கொலை, கொலை முயற்சி, வன்புணர்வு, ஆட்கடத்தல் என்று சுமார் 30 பாரதூரமான குற்றங்களின் பட்டியல் அதில் உண்டு, முதலில் இருப்பது கொலை.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பது, இந்தச் சட்டம் ஏன் இத்தனை பூட்டுகளோடு வந்தது என்பதையும் விளக்கும். ஒருவரை ஜூரி விடுவித்துவிட்டால், அடுத்த நாள் அவரே நீதிமன்ற வாசலில் நின்று "நான்தான் கொன்றேன்" என்று சொன்னாலும் அதே குற்றத்துக்காக அவரை மறுபடி விசாரிக்க முடியாது. பல நூற்றாண்டு கால விதி அது.

அந்த விதியின் கொடுமையை முழுதாக அனுபவித்தவர் ஆன் மிங் என்ற தாய். 1989இல் பில்லிங்ஹாமில் அவருடைய மகள் ஜூலி ஹொக் காணாமற்போனார். பொலிஸார் தேடி முடித்த அதே வீட்டில், சில மாதங்களுக்குப் பின், குளியல் தொட்டியின் பலகைக்குப் பின்னால் மகளின் உடலைக் கண்டெடுத்தது அந்தத் தாய்தான். பில்லி டன்லொப் மீது 1991இல் இரண்டு தடவை விசாரணை நடந்தது. இரண்டு ஜூரிகளாலும் ஒரு முடிவுக்கு வரமுடியாமல் அவர் விடுதலையானார். பிறகு 1999இல், வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, கொன்றது தானே என்று சிறை அதிகாரி ஒருவரிடம் சொன்னார். அப்போது சட்டத்தால் செய்யமுடிந்தது நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக ஆறு வருடம் கொடுப்பது மட்டும்தான். ஆன் மிங் ஓயவில்லை. லண்டனில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞரான ஸ்டீபன் லோரன்ஸின் வழக்கைப் பொலிஸார் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் இந்த விதியை மீளாய்வு செய்யச் சொல்லியிருந்தது. சட்ட ஆணைக்குழு 2001இல், கொலை வழக்குகளிலாவது விதியைத் தளர்த்தலாம் என்றது. அரசாங்கம் அதற்கு மேலும் போய்ப் பட்டியலை நீட்டியது. சட்டம் வந்த அடுத்த வருடமே, 2006இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் டன்லொப்பின் விடுதலையை ரத்துச் செய்தது. "இனி ஒன்றும் செய்யமுடியாது என்று அன்றைய சட்டத்தை நம்பித்தானே ஒப்புக்கொண்டார், இப்போது அதைவைத்தே விசாரிப்பது அநியாயம்" என்று அவர் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

இந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். அதேயளவுக்கு, இதன் வாசல் ஒடுக்கமாக இருக்கவேண்டும் என்றும் நினைக்கிறேன். உங்களுக்கு இது கசக்கலாம். ஆனால் நீதிமன்றம் விடுவித்த பிறகும் ஒருவரை அரசு மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டு போனால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன நடக்கும் என்று எங்கள் சனத்தில் பலருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பயம் உண்மையானது. பழைய விதி பிறந்ததும் அந்தப் பயத்தில்தான்.

அந்த ஒடுக்கத்தில் உங்கள் குடும்பம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. ஒரு விடுதலைத் தீர்ப்பை ரத்துச் செய்யும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரேயொரு விண்ணப்பம்தான் போடலாம். 76ஆம் பிரிவு இதில் விட்டுக்கொடுப்பே வைக்கவில்லை. அரைகுறைச் சான்றோடு போய் நீதிமன்றம் மறுத்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து இரத்தம் தோய்ந்த சட்டையே கிடைத்தாலும் திரும்பப் போக வழியில்லை. உங்கள் தம்பியின் அவசரம் எனக்குப் புரிகிறது. இத்தனை வருடம் காத்திருந்தவனிடம் இன்னும் பொறு என்று சொல்வது இலகுவான காரியம் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விதிக்காகவே சொல்லவேண்டியிருக்கிறது. பொலிஸாரும் வழக்குத்தொடுநர்களும் மெதுவாக நகர்வதுபோலத் தெரிந்தால், அதில் ஒரு பங்கு இந்த விதியால் வருவது.

நாங்களே வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. விண்ணப்பம் போட, சி.பி.எஸ். எனப்படும் அரச வழக்குத்தொடுநர் சேவையின் தலைவரான பணிப்பாளர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். குடும்பம் தனியார் வழக்காகக் கொண்டுபோனால், "ஏற்கெனவே விடுதலையானவர்" என்ற ஒரு வாதத்திலேயே அது நின்றுவிடும். லோரன்ஸ் குடும்பத்தின் அனுபவத்தையும் பாருங்கள். 1993 ஏப்ரல் 22இல் மகன் கொல்லப்பட்டார். அரசு தரப்பு கைவிட்டபின், வேறு வழியில்லாமல் குடும்பமே தனியார் வழக்கைக் கொண்டுபோனது. 1996இல், அடையாளம் காட்டிய சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்ததால் அது உடைந்தது. கரி டொப்சன் உட்பட மூவர் விடுதலையானார்கள். அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வராது; கைவிட்டது அரசு. ஆனால் அந்த விடுதலைதான் பிறகு டொப்சனுக்குக் கவசமாக நின்றது. அதே கொலையில் இன்னொரு சந்தேக நபரான டேவிட் நொரிஸ் மீதான குற்றச்சாட்டு விசாரணை வரை போகாமலே விழுந்திருந்தது. விடுதலைத் தீர்ப்பே இல்லாததால் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர இந்தச் சட்டம் தேவைப்படவில்லை. உங்கள் வழக்கில் ஜூரியே தீர்ப்புச் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே நீங்கள் இருப்பது டொப்சனின் பாதையில்.

இனி முன்னாள் மனைவியின் சாட்சியத்துக்கு வருவோம். சட்டம் கேட்பது "புதிய, வலுவான" சான்று. புதியது என்பது சுலபம்: முதல் விசாரணையில் முன்வைக்கப்படாத எதுவும் புதியதுதான். வலுவானது என்றால் மூன்று விஷயம் சேரவேண்டும். நம்பத்தக்கதாக இருக்கவேண்டும், கனமானதாக இருக்கவேண்டும், முதல் விசாரணையில் எதைப் பற்றிச் சர்ச்சை நடந்ததோ அந்தச் சர்ச்சையில் குற்றத்தை உறுதியாக நிறுவக்கூடியதாக இருக்கவேண்டும். பலர் இந்த மூன்றாவதைக் கவனிப்பதில்லை.

முதல் விசாரணையில் அவர் தரப்பு என்ன சொன்னது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று சொல்லியிருந்தால், "நான்தான் செய்தேன்" என்று மனைவியிடம் சொன்னது நேராக அந்தச் சர்ச்சையின் நடுவிலே விழும். ஆனால் "குத்தியது நான்தான், என் உயிரைக் காப்பாற்றக் குத்தினேன்" என்று வாதாடித்தான் விடுதலையானார் என்றால், "அவர்தான் செய்தவர்" என்ற வசனம் ஜூரிக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தையே திரும்பச் சொல்கிறது. அப்போது, ஏன் குத்தினார், யார் முதலில் தாக்கினார் என்று மனைவியிடம் அவர் என்ன சொன்னார் என்பதுதான் எல்லாமே. நீதிமன்றப் பதிவுகள் இத்தனை காலத்துக்குப் பின் கிடைப்பது கடினம். அப்பாவின் நினைவில் இருப்பது, அன்றைய உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள், விசாரணைக்குத் தினமும் போன உறவினர் யாராவது எழுதி வைத்த குறிப்பு என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

அவர் மனைவியாக இருந்தவர் என்பது தடையாகாது. திருமணம் சட்டப்படி முடிந்துவிட்டால், முன்னாள் துணைவரைத் திருமணமே ஆகாதவர்போல் சாட்சிக்கு அழைக்கலாம், கட்டாயப்படுத்தவும் செய்யலாம். பிரிந்து வாழ்கிறார்கள், விவாகரத்து இன்னும் முடியவில்லை என்றால் விதி வேறு. ஆகவே இதைச் சரியாகத் தெரிந்து பொலிஸாருக்குச் சொல்லவேண்டும். தடை வருவது நம்பகத்தன்மையில்தான். இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை? வீட்டுக்காகவோ பிள்ளைகளுக்காகவோ இருவருக்கும் வழக்கு ஏதும் நடக்கிறதா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தவுடன் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவை. அதற்கு நல்ல பதில் இருக்கலாம். பயந்து வாழ்ந்த ஒரு பெண்ணின் மௌனத்தை நீதிமன்றங்கள் விளங்கிக்கொள்ளாமல் இல்லை. ஆனால் அவருடைய சொல்லுக்கு வெளியே இருந்து ஒரு தாங்கல் வேண்டும். கத்தியை எங்கே எறிந்தார், உடுப்பை யாரிடம் கொடுத்தார் என்று, செய்தவருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய, இன்று போய்ச் சரிபார்க்கக்கூடிய ஏதாவது அவர் சொல்லியிருந்தால் அதன் பெறுமதி பல மடங்கு.

அதனால்தான் தம்பியின் பதிவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். "அவர்தானே கத்தியால குத்தினவர்?" என்று தம்பி கேட்டு, அவர் "ஓம்" என்று சொன்னதாக இருந்தால், அந்தச் சொல் தம்பி வாயில் போட்டது என்று வாதாடுவார்கள். அந்தப் பதிவு எப்படியும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகும், போகத்தான் வேண்டும். அதை மறைத்தால் வழக்கே விழும். ஆகவே போனோடு பொலிஸாரிடம் கொடுங்கள். இனிமேல் அந்தப் பெண்ணோடு நடந்ததைப் பற்றி யாரும் பேசவேண்டாம். சுகம் விசாரிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் காசு கொடுக்கவேண்டாம், பயணச் செலவுக்குக்கூட. அவருக்கு ஆபத்து இருக்கிறது என்று நினைத்தால் அதையும் பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.

யூடியூப்பில் போட்டால் நடக்கக்கூடியது மூன்று. சந்தேக நபர் முன்கூட்டியே உஷாராகிவிடுவார். சாட்சியும் சாட்சியமும் கெட்டுப்போகும். எல்லாவற்றிலும் மோசமானது, மறுவிசாரணைக்கு நியாயமான ஜூரியைக் கூட்ட முடியுமா என்ற கேள்வி வரும். மறுவிசாரணை நியாயமாக நடக்குமா என்பதை நீதிமன்றம் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று 79ஆம் பிரிவு சொல்கிறது. "இல்லை" என்று முடிவு செய்தால் அந்த ஒரே விண்ணப்பம் அத்தோடு சரி. செய்தி வெளியிடுவதற்கே நீதிமன்றம் தடை போடலாம்; மீறுவது குற்றம். டொப்சனின் விடுதலையை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஏப்ரலில் ரத்துச் செய்தது, நாட்டுக்கே தெரியவந்தது மே மாதத்தில்தான். அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

டொப்சனின் வழக்கை நிமிர்த்தியது மனித சாட்சி அல்ல. பொலிஸாரின் பாதுகாப்பில் வருடக்கணக்காகக் கிடந்த ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியில், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இரத்தக் கறை. பழைய பொருள், புதிய அறிவியல். பொதியிடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு கடைசி வரை வாதாடியும், 2012 ஜனவரி 3ஆம் திகதி ஜூரி குற்றவாளி என்றது. தண்டனை, கொலை நடந்த காலத்தில் டொப்சன் 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதை வைத்தே அமைந்தது: விசாரணைக்கு வழி பின்னோக்கித் திறந்தாலும், தண்டனையைப் பின்னோக்கிக் கூட்ட முடியாது. பிரைட்டனில் 1986இல் இரண்டு சிறுமிகளைக் கொன்ற ரஸல் பிஷப் 1987இல் விடுதலையானவர். 2005இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவருடைய விடுதலை ரத்தானது 2017இல், ஒரு மேற்சட்டையிலிருந்து கிடைத்த மரபணுச் சான்று கைக்கு வந்தபிறகு. 2018 டிசம்பரில் அவர் குற்றவாளி ஆனார். விண்ணப்பத்தை அவசரப்பட்டுச் செலவழித்திருந்தால் அந்த மேற்சட்டைக்குப் பயனே இருந்திருக்காது.

ஆகவே நீங்கள் பொலிஸாரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: அண்ணாவின் வழக்கில் எடுத்த சான்றுப்பொருட்கள் இன்னும் இருக்கின்றனவா, எங்கே, எந்த நிலையில்? உடுப்பு, சப்பாத்து, நகத் துணுக்கு, எதுவாக இருந்தாலும். எழுத்தில் கேளுங்கள், ஒன்றையும் அழிக்கவேண்டாம் என்றும் எழுத்தில் கேளுங்கள். முன்னாள் மனைவி சொன்ன கதையும் அந்தப் பொருட்களும் ஒன்றையொன்று தாங்கினால், நீங்கள் நினைப்பதைவிட வலுவான இடத்தில் நிற்பீர்கள்.

கடிதத்தை அன்று விசாரித்த அதே பொலிஸ் பிரிவுக்கு, பழைய கொலை வழக்குகளை மீளாய்வு செய்பவர்களின் கவனத்துக்கு என்று அனுப்புங்கள். அந்தப் பெண் என்ன சொன்னார் என்பதை உங்கள் கருத்தைக் கலக்காமல், எந்தத் திகதி, எங்கே, யார் யார் இருந்தார்கள் என்ற விபரத்தோடு எழுதுங்கள். ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்: பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொதுவாகப் பொலிஸார் அந்த மனிதரைக் கைதுசெய்யவோ, விசாரிக்கவோ, அவர் வீட்டைச் சோதிக்கவோ, மாதிரி எடுக்கவோ முடியாது. "ஏன் இன்னும் பிடிக்கவில்லை?" என்று வீட்டில் கோபப்படுவார்கள். அந்தத் தடை அவர் சம்பந்தப்பட்டது மட்டும்தான். சாட்சியிடம் வாக்குமூலம் பெறவும், ஏற்கெனவே கையில் இருக்கும் பொருட்களை ஆய்வுக்கு அனுப்பவும் அது குறுக்கே நிற்காது. ஆகவே இந்த இரண்டும் நடக்கிறதா என்று நீங்கள் விடாமல் கேட்கலாம், கேட்கவேண்டும். குடும்பத்தோடு தொடர்பில் இருக்க ஒரு அதிகாரியை நியமிக்கும்படியும் கேளுங்கள்.

எல்லாம் கூடிவந்தாலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லப்போவது "மறுபடி விசாரியுங்கள்" என்பது மட்டுமே. இரண்டு மாதங்களுக்குள் குற்றச்சாட்டைப் புதிதாக வாசித்து, புதிய ஜூரியின் முன் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். அன்று சாட்சி சொன்னவர்கள் மறுபடி வந்து வாயால் சொல்லவேண்டியிருக்கும். அப்பா அன்று சாட்சி சொன்னவரா? அப்படியானால் அவருடைய வயதையும் உடல்நிலையையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். இப்போதே அவரோடு இதைப் பற்றிப் பேசுங்கள், அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அந்த அறையில் மறுபடி உட்காரப்போவது அவர்தான். புதிய ஜூரி மறுபடியும் விடுவிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதே நிலையில் இருக்கும் வேறு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்கொட்லாந்தில் நடந்த வழக்குகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே தனிச் சட்டம் 2011 நவம்பர் 28இல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் பழைய வழக்குகளுக்குப் பொருந்தும். 1998இல் அங்கே கொல்லப்பட்ட சுர்ஜித் சிங் சொக்கரின் குடும்பம், முன்பு கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையான ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் 2016இல் குற்றவாளி ஆவதைக் கண்டது.

சகோதரி, பொலிஸாருக்கான கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன் குற்றவியல் வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஒருமுறை வாசித்துத் திருத்த அதிக நேரம் பிடிக்காது. ஒரு பிரதியைத் திகதியோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக மறுபடி அனுப்புங்கள்.